அத்தையின் வண்டிக்கு ஒரு கூரை

அந்த யோசனை எனக்கு ரயிலில் வந்தது. எங்கள் தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் ஸ்டேஷனில், பெங்களூர் வேலைக்குப் போகும் காலை ரயிலைப் பிடித்து, ஜன்னலோரம் இடமும் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பங்காரப்பேட்டைக்குச் சற்று முன்னால் ரயில் வழக்கம்போல் சிக்னலுக்காக நின்றது. வெளியே ஆடிக் காற்று புழுதியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில், ஒரு புளிய மரத்தடியில், அத்தையின் பிக்கப் நின்றிருந்தது.

முன் இருக்கையில் மாமா கழுத்து மடங்கி, கதவில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிகள் முழுக்க ஏற்றிவிடப்பட்டிருந்தன. பின்னால் காலித் தொட்டியில் தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் விழிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலையாகக் கிடக்கிறது. காற்று எழும்பினால் அந்த மேடு எழுந்து எங்கள் வீடுகளுக்குள் வந்துவிடும். சோற்றில், தலையணையில், கண் இமையில். மாமாவின் நுரையீரல் ஏற்கெனவே சுரங்கத் தூசியைத் தின்றது. அதனால் ஆடி பிறந்தால் அத்தை காய்கறி இறக்கிய கையோடு அவரை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிழலில் நிறுத்திவிடுவாள். காற்று அடங்கிய பிறகுதான் திரும்புவாள்.

சிக்னல் விழுவதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது. அந்தத் தொட்டிமேல் ஒரு அறை இருந்தால்? ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர் டிரம். பூதிகோட்டைப் பக்கம் அத்தை காய்கறி எடுக்கும் மாந்தோப்பில் போய் நின்றுவிடலாம். காற்று மாதங்கள் முழுக்க அங்கேயே. பெங்களூரில் இறங்கும்போது போனில் படமே வரைந்து முடித்திருந்தேன். வண்டி உதிரி பாகங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸில்தான் எனக்கு வேலை. வெள்ளைக்காரர்கள் பிக்கப்மேல் வீட்டை ஏற்றிக்கொண்டு மலை மலையாகத் திரியும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் நான். இதைச் செய்ய எனக்கு ஒரு வருடம் இருந்தது.

அத்தை ஒரே பதில்தான் சொன்னாள். "எடம் கீது. கட்டு."

அவளுடைய வாழ்க்கையை இந்த இரண்டு சொல்லில் எழுதிவிடலாம்: எடம் கீது. ஆண்டர்சன்பேட்டை சந்தைக்குப் போகும் வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்துவாள். "ஏறு, எடம் கீது." கோஸ் மூட்டைமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொத்தமல்லிக் கட்டுக்கு நடுவில் பென்ஷன் வாங்கப் போகும் கிழவர், ஒருமுறை சாவு வீட்டுக்கான நாற்காலிகளோடு பறையடிப்பவர்களும் சேர்ந்து. "உங்க அத்த வண்டிக்கு எமன் கை காட்டுனாலும், கொஞ்சம் நவுந்து குந்துங்கன்னு ஏத்திக்கும்" என்று லைனில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அம்மா போன பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று என்னை அழைத்து வந்தவள், அந்த வாரத்தை முடிக்கவே இல்லை. நான் அங்கேதான் படித்தேன், அங்கிருந்துதான் வேலைக்குப் போனேன். நான் வந்தபின் அவள் அடுப்படியில் படுத்தாள் என்பதை, நானே சமைக்க ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். அங்கே ஒரு ஆள் கால் நீட்ட முடியாது.

யாருக்கும் 'இல்லை' சொன்னதில்லை. சொல்லாததைச் சுமக்கிறாள் என்று முகத்தில் தெரியவும் தெரியாது. கடைவாய்ப் பல் வீங்கி மூன்று பேர் கேட்ட பிறகுதான் "கொஞ்சம் நோவுது" என்றாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்றபோதெல்லாம், "நா இருக்கசொல்ல உனுக்கு இன்னாத்துக்கு?" என்றுவிடுவாள்.

வேலை தொடங்கியது. அது அரை டன் வண்டி. கதவுத் தூணில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், மொத்தமாக எவ்வளவு எடை தாங்கும் என்று. அந்தக் கணக்கில் நாம் கட்டும் அறை, தண்ணீர், கட்டில், மாமாவின் ஆக்சிஜன் மிஷின், முன்னால் உட்காரும் இருவர், அவர்கள் சாப்பிட்ட இட்லிவரை எல்லாம் அடங்கும். நான் அத்தையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஸ்பிரிங் பட்டை கூட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். தாங்கும் எடை கூடாது. நிறுத்த பிரேக் அதே பிரேக், தாங்க அச்சு அதே அச்சு. அதனால் முதலில் அறை இலேசாக இருக்க வேண்டும். பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். தாழ உட்கார வேண்டும். வெல்டு வைக்கக் கூடாது. போல்ட்டில் உட்கார்ந்து, வேண்டாதபோது கழற்றி இறக்கும் பெட்டியாக இருக்க வேண்டும். ஓடும்போது உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது.

"ஒருத்தரும்னா?" என்றாள் அத்தை.

"ஒருத்தரும், அத்தே. ஒரு கோழிகூட."

"சரி சரி."

நல்ல டயராகப் போட்டோம். பிரேக்கைப் பிரித்து எல்லாம் புதிதாக மாற்றினோம். பின்னால் ஒரு பட்டை கூட்டி, ஷாக் அப்சர்பரையும் மாற்றினோம். அறையை அலுமினியச் சட்டத்தில், நடுவே தெர்மோகோல் வைத்த மெல்லிய பலகையில், பட்டறை வெல்டர் ஒருவரை வைத்துக் கட்டினோம். லைன் முழுக்க வந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் உள்ளே ஏறி, அத்தை ரகசியமாகக் கொண்டுவந்து வைத்ததையெல்லாம் இறக்குவேன். ஆட்டுக்கல். பித்தளை அண்டா. ஒரு மூட்டை அரிசி.

"அத்தே, ஆட்டுக்கல்லு எதுக்கு?"

"உங்க மாமாவுக்கு தோச."

"தோப்புக்காரம்மா வீட்ல மாவு ஆட்டிக்கலாம்ல?"

"கேக்கறதுக்கு கூச்சமா கீதுடி."

கேட்க அவளுக்குக் கூச்சம். கொடுக்கக் கூச்சமே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவருக்கும் மார்ச்சளி. அவரும் சுரங்கத்தில் இருந்தவர். கட்டி முடிக்காத அறையின் வாசலில் வந்து நின்று, "இதுல ரெண்டு பேரு படுக்கலாமா?" என்று அவர் கேட்டதும், அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொத வருசம் அவரு. அடுத்த ஆடிக்கு நீங்களும் வாங்க. எடம் கீது."

சித்திரையில் மாமாவை உள்ளே ஏற்றினோம். மெதுவாக ஏறினார். கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து மூடினார். பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார். பிறகு கைத்தடியைத் திருப்பிப் பிடித்து, தலைக்கு மேலே கூரையைத் தட்டினார்.

பொக்கு.

இன்னொரு இடத்தில் தட்டினார். பொக்கு. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தடியைக் கீழே வைத்தார். "இதுங்கீழ நா படுக்க மாட்டேன்" என்றார். இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் மேல்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பொக்கென்று கேட்டால் உள்ளே பிளந்து தொங்குகிறது, எந்த நேரமும் கொட்டும். எங்கள் லைனில் அந்தத் தலைமுறை ஆண்கள் புது வீட்டுக்குப் போனால்கூட அண்ணாந்துதான் பார்ப்பார்கள். எனக்கு இது தெரியும். ஆனால் பலகைக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளில் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நினைத்தேன். போனில் வீடியோ காட்டினேன். பலகைத் துண்டை அவர் கையில் கொடுத்தேன். "மாமா, இது மொத்தமும் உங்க தலமேல வுழுந்தாக்கூட தலகாணி வுழுந்த மாதிரிதான்."

"நீ நல்லா படிச்சிகீற" என்றார் மாமா, கோபமில்லாமல். "நா படுக்க மாட்டேன்."

"வுடு" என்றாள் அத்தை. "நா பேசிக்கறேன்."

பேசிவிட்டாள் போலிருந்தது. வைகாசியில் மாமா மறுபடி ஏறினார், தட்டினார், படுத்துப் பார்த்தார். அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். போனில் அத்தை சொன்னபோது, ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

மாமாவை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு ஞாயிறு காலை நானும் அத்தையும் கிளம்பினோம். தண்ணீர் டிரம்மை நிரப்பி, எல்லாச் சாமானும் வைத்து. வண்டி நிமிர்ந்து நின்றது, பார்க்க அழகாக இருந்தது. டாஷ்போர்டில் சின்ன புத்தர் சிலை. அத்தை அதைத் தொட்டுக் கும்பிட மாட்டாள், முந்தானையால் தூசி மட்டும் துடைப்பாள். துடைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

பூதிகோட்டை ரோட்டில் ஓர் ஏரிக்கரை வளைவு உண்டு. வேகமில்லை. எதிரே ஒரு டிராக்டர் வந்ததால் அத்தை கொஞ்சம் சடாரென்று ஒடித்தாள். அவ்வளவுதான். அறை சாய ஆரம்பித்தது. திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பின்னால் அண்டா உருளும் சத்தம் கேட்டது. அண்டாவை நான் இறக்கி வைத்தேன் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். என் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டதை இடுப்பில் உணர்ந்தேன். அத்தை ஸ்டியரிங்கை நேராக்கி, ஏரி பக்கமாகவே விட்டாள். வண்டி தொப்பென்று நான்கு காலில் விழுந்து, கரையின் விளிம்பில், கருவேலம் புதரில் மூக்கை வைத்து நின்றது.

டிராக்டர்காரர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே போனார். அத்தை கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

"அத்தே, மேல இன்னா வெச்சிகீற?"

அத்தை இன்ஜினை அணைத்தாள்.

"என் அறை இப்பிடி சாயாது. மேல கனம் கீது. இன்னா வெச்ச?"

"தகடு" என்றாள். "பலகைக்கும் அதுக்கும் நடுவுல. வெல்டருகிட்ட சொல்லி இரும்புத் தகடு வெச்சேன். அவுருக்கு கணீர்னு கேக்கணும்ல."

வண்டியின் உச்சியில் இரும்பு. நான் பட்டை கூட்டியிருந்ததால் பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழவில்லை. தாழ்ந்திருந்தால் காலையிலேயே கண்டுபிடித்திருப்பேன். "பாறை இல்ல, பலகைன்னு நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? முடியாதுன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்ல வாய் வராதா உனக்கு?"

அத்தை முன் கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அவுரு கூட வேல பாத்தவரு ஒருத்தரு. பக்கத்து ஊட்டுல இருந்தாரு, நீ பொறக்கறதுக்கு முன்னாடி. அன்னிக்கி ஷிப்ட்ல இவுரு தட்டிப் பாத்துட்டு, பொக்குன்னு கீது, இங்க வேணான்னு சொல்லிகீறாரு. யாருங் கேக்கல. வேல முடியணும்னுட்டாங்க. கொட்டிருச்சி. இவுருதான் தூக்கிகினு கேஜ் கூண்டுல மேல வந்தாரு. இப்ப பொக்குன்னு கீதுன்னு என்கிட்ட சொல்றாரு. நானுங் கேக்கலன்னா?"

கருவேலம் முள் கண்ணாடியில் கீறிக்கொண்டிருந்தது. எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான், அதை வீட்டுக்கு வந்து சொன்னேன்: தகடு கழன்றால்தான் மாமா ஏறலாம். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அந்த வண்டியில், அந்தக் கூரையோடு, அந்த வளைவில் அவர்கள் இருவரையும் அனுப்பியிருக்க முடியாது.

"சரி" என்றாள் அத்தை. எனக்கும் அவள் இல்லை என்று சொல்லவில்லை.

வெல்டர் தலையைச் சொறிந்தார். "மேடம், ஆன்ட்டிதான் உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க. நான் ஸ்வல்ப மெல்லிசா போடலாம்னேன், சத்தம் வராதுன்னு அவுங்களே தட்டித் தட்டிப் பாத்து இத எடுத்தாங்க." தகட்டைப் பிரிக்கும்போது பலகையும் சேர்ந்து கிழிந்தது. கூரையைப் புதிதாகச் செய்ய வேண்டும். பலகை வர வேண்டும். அது வந்தபோது வெல்டர் ஊரில் இல்லை. நான் ஆபீஸில் லீவு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் காற்று ஆனியிலேயே எழுந்தது.

அத்தை மாமாவைப் பழையபடி முன் இருக்கையில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். அவரால் உட்கார முடியவில்லை. பிறகு ஜன்னலில் ஈரப் புடவை கட்டினாள். மத்தியானத்துக்குள் புடவையில் வெள்ளையாகப் படியும். அவிழ்த்து அலசி, மறுபடி கட்டுவாள். ஒரு பகலில், அவள் புடவையை அலசிக்கொண்டிருந்தபோது, இருமல் நின்றது. அவள் கொஞ்ச நேரம் அலசுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பிழிந்து, உதறி, கொண்டுவந்து ஜன்னலில் கட்டிவிட்டுத்தான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

சாவுக்கு லைன் முழுக்க வந்தது. நாற்காலி எடுத்துவர வேறு யாரோ வண்டி கொடுத்தார்கள். கூரையில்லாத அறை எங்கள் வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிறுபிள்ளைகள் அதற்குள் ஏறி ஒளிந்து விளையாடினார்கள். என்னை அதற்காக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையும்தான்.

கல்யாணமாகி பெங்களூரில் இருக்கும் அத்தையின் மகள் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். மாமா இருந்தவரை அந்த வீட்டில் கால் வைத்ததில்லை. ஒன்பதாம் மாடி, லிஃப்டில்தான் போக வேண்டும். "கேஜ்ல ஏறி எறங்குனது போதும்" என்பார். அத்தை வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணு என்றுகூடச் சொல்லாமல்.

தை மாதத்தில் ஆபீஸ் முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். கீழே பார்க்கில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், யாரோ கொடுத்த ஸ்வெட்டர் போட்டிருந்தாள். இருவரும் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடும் நேரத்தில் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். "ஜாக இதெயா?" என்றாள். இடம் இருக்கிறதா என்று.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இல்லம்மா" என்றாள் அத்தை. பட்டனை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. மேலே போகும்வரை எண்கள் மாறுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை.

மாசியில் எதிர்வீட்டுப் பெரியவர் என்னை வழிமறித்தார். இருமி முடித்து, மூச்சு பிடித்து, கூச்சத்தோடு கேட்டார். "இன்னாம்மா, உங்க அத்த ஒரு பேச்சு சொல்லிச்சி. அடுத்த ஆடின்னு. அது இன்னும் கீதா, இல்லியா?"

இதை எழுதும்போது பங்குனி பாதி. இந்த நாட்களில் நான் கண்டுபிடித்தது இதுதான்: பொக்குச் சத்தம் எடையால் வருவதில்லை, இடைவெளியால் வருகிறது. பலகைக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் பசை பிடிக்காத இடங்கள் காற்றைப் பிடித்துவைத்திருந்தன. தெர்மோகோலே வேண்டாம். கார்க் ஷீட் வைத்து, முழுப் பரப்பிலும் பசை தடவி, மேலே மணல் மூட்டைகளை அடுக்கி நன்றாக அழுத்தி ஒட்டினால் ஒரே கட்டையாகப் பேசும் என்று நினைக்கிறேன். தெர்மோகோலைவிடக் கனம், இரும்பில் கால்வாசிகூட இருக்காது. அதையும் தலைமாட்டுக்கு மேலே மட்டும் வைத்தால் போதும், தட்டிப் பார்க்கிற கை அங்கேதான் எட்டும். அறையின் உயரத்தையும் ஒரு சாண் குறைக்கிறேன். பின் அச்சில் சாய்வைத் தடுக்கும் கம்பி போட வேண்டும், அதைப் போன தடவையே போட்டிருக்கலாம்.

முதல் துண்டு மணல் மூட்டைக்கு அடியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து இரண்டு ஸ்டூல்கள்மேல் வைக்கப்போகிறேன். மாமாவின் கைத்தடி என்னிடம் இருக்கிறது. பெரியவர் அதன் கீழே குனிந்து நின்று, தட்டிப் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பொக்கு என்றால் பொக்கு. மறுபடி செய்வேன், ஆடிக்கு நாள் இருக்கிறது. கெட்டி என்று சொன்னால் கூரையைப் போட்டு, சாமான் எல்லாம் வைத்து, எடைமேடைக்கு, அதுவரை மட்டும் வெல்டர் ஓட்டுவார். ஆட்டுக்கல் இல்லாமல். அங்கேயும் சரி என்றால் பெங்களூருக்கு ரயில் ஏறி, ஒன்பதாம் மாடிக்குப் போய், வண்டிச் சாவியை அத்தைக்கு முன்னால் வைக்க வேண்டும்.

ஏரிக்கரை வளைவில் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.